முற்றும் எச்சமும்: ஆங்கிலக் கலவை வாக்கியங்களைத் தமிழ் இலக்கணவழி விளங்கிக்கொள்ளல்

முன்னுரை

கனடாவின் டொராண்டோ நகரில், வயதுவந்த தமிழர்களுக்கென நடைபெற்ற மாலைநேர ஆங்கில வகுப்பொன்றில் இக்கட்டுரையாளர் சில ஆண்டுகள் தொண்டாசிரியராகப் பணியாற்றினார். அவ்வகுப்பிற்கு வந்துகொண்டிருந்த அம்மையார் ஒருவர், நிறுவனமொன்றிலிருந்து தமக்கு வந்திருந்த கடிதத்தை ஒருநாள் எடுத்துவந்தார். 30 நாள்களுக்குள் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், மாதக் கட்டணத்தோடு புதிய சேவையொன்றிற்கான தொகையும் சேர்க்கப்படும் என்பதே அதன் செய்தி. ஆங்கிலத்தில் அது 'அன்லெஸ்' என்ற சொல்லில் தொடங்கும் ஒரே வாக்கியமாக அமைந்திருந்தது. அம்மையார் அகராதியின் துணையோடு சொற்களுக்கு மேலே பென்சிலால் தமிழ்ப்பொருள் எழுதியிருந்தார். அப்பொருள்களில் பிழை ஏதுமில்லை. 'அன்லெஸ்' என்ற சொல்லின்மேல் மட்டும் ஒரு கேள்விக்குறி இருந்தது. "மாஸ்டர், மறுத்து எழுதினாத்தான் காசு கூட்டுவினம் எண்டு விளங்கினது, அதாலை பேசாமல் இருந்திட்டன்" என்றார். அப்போது கெடு கடந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

இத்தகைய இடர்ப்பாட்டிற்குச் சொல்வளக் குறைவே காரணம் என்று பலரும் கருதுவர். எனினும் அந்த அம்மையார் அறியாதிருந்தது ஒரு சொல்லின் பொருளை மட்டுமன்று. அச்சொல் வாக்கியத்தில் ஆற்றும் பணியையும் அவர் அறியாதிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துப் பள்ளியில் வினைமுற்று, வினையெச்சம், பெயரெச்சம் ஆகியவற்றை முறையாகக் கற்றவர். அந்த அறிவை ஆங்கிலம் படிப்பதற்குப் பயன்படுத்தலாம் என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. ஆங்கிலக் கலவை வாக்கியத்தைத் தமிழர் விளங்கிக்கொள்வதற்கு நெருங்கிய வழி, தமிழிலக்கணம் கூறும் முற்று, எச்சம் என்னும் பாகுபாடே என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்க முற்படுகிறது. ஆங்கில எடுத்துக்காட்டுகள் யாவும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன.

1. பெயரால் ஒன்றும் பொருளால் வேறும்

பள்ளி இலக்கணங்கள் ஆங்கில வாக்கியங்களைச் 'சிம்பிள்', 'காம்பவுண்ட்', 'காம்ப்ளெக்ஸ்' என மூன்றாகப் பகுக்கின்றன. தமிழ்ப் பாடநூல்களில் இவற்றிற்கு நேராகத் தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்னும் பெயர்கள் வழங்குகின்றன. பெயர்கள் ஒத்திருந்தாலும் பொருள்கள் முழுதும் ஒத்தவையல்ல. 'கண்ணகி மதுரைக்கு வந்தாள்; வழக்குரைத்தாள்; வென்றாள்' என ஓர் எழுவாய் பல பயனிலைகளைக் கொண்டு முடிவதைத் தமிழ்ப் பாடநூல்கள் தொடர் வாக்கியம் என்கின்றன. ஆங்கிலத்திலோ, தனித்து நிற்கவல்ல இரண்டு அல்லது மேற்பட்ட தொடர்கள் 'அண்ட்', 'பட்', 'ஆர்' போன்ற சொற்களால் சமநிலையில் இணைவதே 'காம்பவுண்ட்' எனப்படும்.

மூன்றாவது பெயர் இன்னும் பெரிய மயக்கத்தைத் தருகிறது. பொது வழக்கில் 'காம்ப்ளெக்ஸ்' என்னும் சொல்லுக்குச் 'சிக்கலானது' என்று பொருள். ஆதலால் நீண்டு சிக்கலாக அமைந்த வாக்கியமே கலவை வாக்கியம் என்று மாணவர் எண்ணிவிடுகின்றனர். இலக்கணத்தில் அச்சொல்லுக்கு நீளத்தோடு தொடர்பில்லை. 'ஐ நோ ஹி லைட்' (அவன் பொய் சொன்னான் என்று எனக்குத் தெரியும்) என்பது நான்கே சொற்களாலானது. ஆயினும் கலவை வாக்கியம். இருபது சொற்களில் ஒரே வினைமுற்றைக் கொண்டு நடப்பது தனி வாக்கியமே. ஒரு முதன்மைத் தொடரும், அதனைச் சார்ந்தே நிற்கும் ஒன்று அல்லது பல சார்புத் தொடர்களும் சேர்ந்ததே கலவை வாக்கியம்.

தெற்காசியப் பள்ளிகளில் நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்களும், பின்னர் ரென், மார்ட்டின் ஆகிய இருவரின் இலக்கண நூலும் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டன. அவற்றின்வழி மாணவர் சார்புத் தொடர்களைப் பெயர்த்தொடர், பெயரடைத் தொடர், வினையடைத் தொடர் எனப் பெயரிட்டுப் பகுக்கக் கற்றனர். அப்பயிற்சி பயனற்றதன்று. ஆனால் பெயரிடுவதற்கு முன், எங்கே ஒரு தொடர் தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். தமிழ் மாணவர் தடுமாறுவது அந்த இடத்திலேதான்.

2. ஒரு முற்றா, பல முற்றுகளா?

'மழை பெய்ததால் ஆறு பெருகிப் பாலம் மூழ்கியது' என்னும் வாக்கியத்தில் மூன்று நிகழ்ச்சிகள் உள்ளன. வினைமுற்றோ ஒன்றே: 'மூழ்கியது'. 'பெய்ததால்', 'பெருகி' ஆகியவை முற்றுப்பெறாமல் பின்வருவதை எதிர்நோக்கி நிற்கின்றன. வினைமுற்று வந்ததும் வாக்கியம் முடிந்தது என்பது தமிழ் படிப்போரின் மனத்தில் ஆழப் பதிந்துள்ள எதிர்பார்ப்பு.

இதே செய்தியை ஆங்கிலத்தில் 'பிகாஸ் இட் ரெய்ன்ட், தி ரிவர் ரோஸ் அண்ட் தி பிரிட்ஜ் வாஸ் சப்மெர்ஜ்ட்' என்று கூறலாம். இங்கு 'ரெய்ன்ட்', 'ரோஸ்', 'வாஸ்' ஆகிய மூன்றும் காலம் காட்டும் முற்றுகள். தமிழில் வினைச்சொல்லே தன் வடிவத்தால் 'நான் சார்ந்து நிற்கிறேன்' என்று அறிவிக்கிறது. ஆங்கிலத்தில் வினை முற்று வடிவத்திலேயே இருக்கிறது. அது சார்ந்து நிற்பதை அறிவிப்பது தொடரின் தலையில் வரும் 'பிகாஸ்' போன்ற ஒரு சொல். அச்சொல்லை இக்கட்டுரையில் 'கட்டுச்சொல்' என்று குறிப்பிடுவோம். தமிழில் சார்பின் அடையாளம் வினையின் வாலில் உள்ளது. ஆங்கிலத்தில் அது தொடரின் தலையில் உள்ளது. கட்டுச்சொல்லைக் கவனியாமல் கடந்துவிடும் தமிழர், முற்று வந்த இடத்திலெல்லாம் வாக்கியம் முடிந்ததாகக் கொண்டு, ஒரு கலவை வாக்கியத்தைத் தொடர்பற்ற பல செய்திகளாகப் படித்துவிடுகிறார்.

வாக்கிய நீளம் இங்குத் தடையன்று. ஆறுமுக நாவலரின் உரைநடையில் எச்சங்களால் கோக்கப்பட்டு, இறுதியில் ஒரு முற்றால் முடியும் நெடிய வாக்கியங்கள் மிகுதி. அவற்றை இடறலின்றிப் படித்த தலைமுறைக்கு மூன்று வரி ஆங்கில வாக்கியம் நீளத்தால் அச்சமூட்டுவதற்கில்லை. பழகிய அடையாளம் பழகாத இடத்தில் இருப்பதே தடை.

ஆங்கிலத்திலும் எச்சம் போன்ற வடிவங்கள் உண்டு. 'இங்' ஈற்று வடிவமும், 'டு' முன்வரும் வடிவமும், இறந்தகால எச்சவடிவமும் அத்தகையவை. குவர்க் முதலிய நால்வர் 1985இல் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கணம் இவற்றையும் முற்றல்லாத தொடர்கள் என்றே கொள்கிறது. பழைய பள்ளி இலக்கணங்கள் இவற்றை வெறும் சொற்றொடர்கள் என ஒதுக்கின. தமிழ் மாணவருக்கு இவை எளியவை. முற்றுடன் கூடிய சார்புத் தொடர்களே அவருக்குப் புதியவை.

3. பெயரெச்சமும் பெயரடைத் தொடரும்

திராவிட மொழிகள் தொடர்புப் பதிலிப்பெயர்களுக்கு மாறாகப் பெயரெச்சங்களை ஆள்கின்றன என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் அம்மொழிகளின் தனி இயல்புகளுள் ஒன்றாகக் குறித்தார். 'ஹூ', 'விச்', 'தட்' என்பனவற்றிற்கு நேரான சொற்கள் தமிழில் இல்லாமைக்கு இதுவே காரணம். அச்சொற்களை 'யார்', 'எது' என்று மொழிபெயர்த்துப் படிப்போர், கேள்வியல்லாத இடத்தில் கேள்வியைக் காண்கின்றனர்.

தமிழ்ப் பெயரெச்சத்தின் இயல்பைத் தொல்காப்பியம் நுட்பமாகக் கூறுகிறது. 'செய்யும்', 'செய்த' என்னும் வாய்பாட்டுச் சொற்கள் நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்னும் ஆறனுக்கும் ஒத்த உரிமை உடையவை என்பது வினையியல் தரும் செய்தி. 'வாழ்ந்த வீடு', 'படித்த நூல்', 'வந்த நாள்', 'வெட்டிய கத்தி', 'எழுதிய புலவர்', 'பாடிய பாட்டு' என எல்லாவற்றிலும் எச்ச வடிவம் ஒன்றே. வீடு வாழ்ந்ததன்று, வீட்டில் ஒருவர் வாழ்ந்தார் என்பதையும், கத்தியால் ஒருவர் வெட்டினார் என்பதையும் நாம் பொருளைக் கொண்டு உணர்கிறோம். 'இல்', 'ஆல்' என்னும் வேற்றுமை உருபுகள் தொடரில் மறைந்துவிடுகின்றன.

ஆங்கிலம் இந்த ஆறனையும் வடிவத்தால் பிரித்துக் காட்டுகிறது. எழுதிய புலவர் 'தி போயட் ஹூ ரோட்'. படித்த நூல் 'தி புக் விச் ஐ ரெட்'. வாழ்ந்த வீடு 'தி ஹவுஸ் இன் விச் ஹி லிவ்ட்'. வெட்டிய கத்தி 'தி நைஃப் வித் விச் ஹி கட்'. தமிழில் மறையும் உருபு ஆங்கிலத்தில் 'இன்', 'வித்' என வெளிப்பட்டு நிற்கிறது. நம்மவர் 'தி ஹவுஸ் விச் ஹி லிவ்ட்' என எழுதும் பிழையின் மூலம் இதுவே. அதனைக் கவனக்குறைவு எனக் கடிவதைவிட, தமிழ்ப் பெயரெச்சத்தின் இயல்பு ஆங்கிலத்திற்குள் வந்த வழி என விளக்குவதே மாணவருக்குப் பயன்தரும். பெயரடைத் தொடரில் அமையக்கூடிய பெயர்களின் உறவுநிலைகளைக் கீனனும் காம்ரியும் 1977இல் உலக மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு ஒரு படிவரிசையாக அமைத்தனர். தொல்காப்பியப் பட்டியலும் அப்படிவரிசையும் ஒன்றல்ல; ஆயினும் இரண்டும் எழுப்பும் வினா ஒன்றே. பெயருக்கும் அதனைத் தழுவும் வினைக்கும் உள்ள உறவு யாது என்பதே அவ்வினா.

அவ்வுறவு மயங்குவதும் உண்டு. தொல்காப்பியம் 'தடுமாறு தொழிற்பெயர்' எனக் கூறுமிடத்தில் உரையாசிரியர்கள் காட்டும் 'புலிகொல் யானை' அனைவரும் அறிந்தது. அது புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்பதைப் பின்வரும் சொற்களைக் கொண்டே தெளிய வேண்டும். ஆங்கிலத்தில் இம்மயக்கம் எழுவதில்லை. 'தி எலிஃபண்ட் தட் கில்ட் தி டைகர்' என்றால் கொன்றது யானை. 'தி எலிஃபண்ட் தட் தி டைகர் கில்ட்' என்றால் கொன்றது புலி. கட்டுச்சொல்லை அடுத்து வினை வந்தால் முன்னிற்கும் பெயரே வினைமுதல். பெயர் வந்தால் அப்பெயரே வினைமுதல், முன்னிற்பது பெரும்பாலும் செயப்படுபொருள். இந்த ஒரு விதி, மாணவர் படும் பாட்டில் பாதியைக் குறைக்கும்.

இரண்டாம் வகையில் 'தட்' தொகவும் கூடும்: 'தி எலிஃபண்ட் தி டைகர் கில்ட்'. தமிழ்த் தொகைநிலைத் தொடர்களில் உருபு தொக்கு நிற்பதை அறிந்தவருக்கு இது வியப்பன்று. இடையில் 'அண்ட்' என்ற சொல்லோ காற்புள்ளியோ இல்லாமல் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து நின்று, பின் ஒரு வினைமுற்று வந்தால், அங்கே ஒரு கட்டுச்சொல் தொக்கிருக்கக்கூடும் என ஐயுற வேண்டும்.

பெயரடைத் தொடரில் காற்புள்ளியும் பொருளை மாற்றும். 'வாடகை செலுத்திய குடியிருப்பாளர்கள் கூட்டத்திற்கு வரலாம்' என்னும் தமிழ் வாக்கியம், செலுத்தியவர்கள் மட்டுமே வரலாம் என்றும் பொருள்படலாம். எல்லாரும் செலுத்திவிட்டனர், எல்லாரும் வரலாம் என்றும் பொருள்படலாம். ஆங்கில எழுத்து நடையில் முதற்பொருளுக்குக் காற்புள்ளி இடுவதில்லை. இரண்டாம் பொருளுக்கு 'ஹூ' தொடரின் இருபுறமும் காற்புள்ளி இடுவர். ஒப்பந்தங்களைப் படிப்போர் அச்சிறு குறியைக் காணாமல் போனால், தமக்குரிய உரிமை எது, பிறர்க்குரியது எது என்பதைப் பிரித்தறிய இயலாது போகும்.

4. வினையெச்சமும் வினையடைத் தொடரும்

தொல்காப்பியம் 'செய்து', 'செய்யூ', 'செய்பு' எனத் தொடங்கி ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளைக் கூறிப் பின், முன், கால், கடை, வழி, இடத்து என்பனவற்றையும் அவற்றோடு சேர்க்கிறது. காரணம், காலம், நிபந்தனை, நோக்கம் முதலிய பொருள்களை இவ்வாய்பாடுகள் தருகின்றன. இன்றைய வழக்கில் 'வந்ததால்', 'வந்தபோது', 'வந்தால்', 'வந்தாலும்', 'வருமுன்', 'வருவதற்காக' எனக் கூறுவனவற்றை ஆங்கிலம் முறையே 'பிகாஸ்', 'வென்', 'இஃப்', 'ஆல்தோ' அல்லது 'ஈவன் இஃப்', 'பிஃபோர்', 'ஸோ தட்' என்னும் கட்டுச்சொற்களால் கூறுகிறது. 'வந்தாலும்' என்ற ஒரே வடிவத்திற்கு ஆங்கிலத்தில் இரண்டு கட்டுச்சொற்கள் இருப்பது கருதத்தக்கது. நடந்ததை ஒப்புக்கொண்டு கூறுவது 'ஆல்தோ'. நடக்குமா என அறியாததை எண்ணிக் கூறுவது 'ஈவன் இஃப்'.

இனி, முன்னுரையில் கண்ட 'அன்லெஸ்' என்னும் சொல்லுக்கு வருவோம். தமிழில் எதிர்மறை வினைக்குள்ளேயே அமைகிறது. 'தெரிவித்தால்' என்பதன் எதிர்மறை 'தெரிவிக்காவிட்டால்'. 'அன்லெஸ்' தொடரிலோ வினை உடன்பாட்டு வடிவிலேயே நிற்கிறது. எதிர்மறைப் பொருள் கட்டுச்சொல்லுக்குள் அடங்கியுள்ளது. 'அன்லெஸ் யூ அப்ஜெக்ட்' என்பதில் வினையை மட்டும் நோக்கினால் 'நீங்கள் மறுத்தால்' என்றே தோன்றும். அம்மையார் படித்தது அவ்வாறே. அக்கட்டுச்சொல்லைக் கண்டவுடன், அதனை அடுத்துவரும் வினையைத் தமிழில் எதிர்மறை எச்சமாக மாற்றிப் படிக்க வேண்டும். இதனை அரைகுறையாக அறிந்தோர் 'அன்லெஸ் யூ டோன்ட் அப்ஜெக்ட்' என இரண்டு எதிர்மறைகளை அடுக்கி எழுதுவர். அப்போது பொருள் தலைகீழாகிவிடும். தமிழ் வினையின் பழக்கம் ஆங்கில வினையிலும் எதிர்மறையைத் தேடுவதால் விளையும் பிழை அது.

அலுவலகக் கடிதங்களில் வரும் இன்னொரு வடிவத்தில் கட்டுச்சொல்லே இராது. 'ஷுட் யூ நீட் ஹெல்ப்', 'ஹாட் ஐ நோன்', 'வேர் ஹி டு ரிஃப்யூஸ்' என்பனவற்றில் துணைவினை எழுவாய்க்கு முன்னே சென்று நிற்கிறது. ஆங்கிலத்தில் வினா வாக்கியங்களும் இவ்வாறே அமைவதால், இவற்றையும் வினாக்கள் எனத் தமிழர் எண்ணுவது இயல்பு. இவை முறையே 'உதவி தேவைப்பட்டால்', 'நான் அறிந்திருந்தால்', 'அவர் மறுப்பாராயின்' என்னும் பொருளுடைய நிபந்தனைத் தொடர்கள். வினாக்குறி இல்லாமையும், பின்னே ஒரு முதன்மைத் தொடர் வருவதும் இதற்கு அடையாளங்கள்.

5. 'என்று' என்பதும் 'தட்' என்பதும்

ஒரு வாக்கியத்தில் இரண்டு முற்றுகள் வருவது தமிழுக்கு முழுதும் புதிதன்று. 'அவர் வந்தார் என்று சொன்னார்கள்' என்பதில் 'வந்தார்', 'சொன்னார்கள்' ஆகிய இரண்டும் முற்றுகளே. முதல் முற்று வாக்கியத்தை முடிக்காதவாறு 'என்று' அதனைத் தழுவிக்கொள்கிறது. எச்சவியல் கூறும் பத்து வகை எச்சங்களுள் 'என' என்னும் எச்சமும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது இவ்வகையில் எண்ணத்தக்கது. ஆங்கிலக் கலவை வாக்கியத்திற்குத் தமிழ் மாணவரை அழைத்துச்செல்ல இதுவே ஏற்ற வாயில். ஆங்கிலத்தில் எல்லாச் சார்புத் தொடர்களும் ஏறத்தாழ 'என்று' தொடரைப் போன்றவை, அந்த 'என்று' மட்டும் முன்னே வந்துவிடுகிறது எனக் கூறினால் மாணவர் உடனே பற்றிக்கொள்கின்றனர்.

இவ்விரு சொற்களின் பிறப்பு வேறு. 'என்று' என்பது 'என்' என்னும் கூறுதற்பொருள் வினையடியிலிருந்து பிறந்தது. 'தட்' சுட்டுப்பெயராக இருந்து கட்டுச்சொல்லானது. 'ஐ நோ தட்: ஹி கேம்' (அதை அறிவேன்: அவர் வந்தார்) என்பது போன்ற அமைப்பிலிருந்து அது வளர்ந்ததாக மொழி வரலாற்றாசிரியர் பலர் விளக்குவர்.

'வாட்' என்னும் சொல்லில் தொடங்கும் பெயர்த்தொடருக்கும் தமிழில் நேரான அமைப்பு உண்டு. 'வாட் ஹி செட் வாஸ் ட்ரூ' என்பது 'அவர் சொன்னது உண்மை'. 'சொன்னது' என்னும் வினையாலணையும் பெயர் செய்யும் பணியை ஆங்கிலத்தில் ஒரு முழுத்தொடர் செய்கிறது. 'இட் இஸ் ட்ரூ தட்' என்று தொடங்கும் வாக்கியங்களில் 'இட்' என்பதற்குத் தனிப்பொருள் இல்லை. நீண்ட எழுவாய்த் தொடரை இறுதிக்குத் தள்ளிவிட்டு, அதன் இடத்தைக் காத்துநிற்கும் சொல் அது. அதனை 'அது' என மொழிபெயர்த்து, எது எனத் தேடுவது வீண்முயற்சி.

6. இடப்புறம் வளர்வதும் வலப்புறம் வளர்வதும்

வினை இறுதியில் அமையும் மொழிகளில் வேற்றுமை உறவைக் காட்டும் சொற்கள் பெயருக்குப் பின்னும், பெயரடைத் தொடர்கள் பெயருக்கு முன்னும் வரும் போக்கு வலுவாக உள்ளது. சொல்வரிசைக் கூறுகள் இவ்வாறு ஒன்றோடொன்று இணைந்து வருவதைக் கிரீன்பெர்க் 1963இல் வெளியான ஆய்வில் பல மொழிகளை ஒப்பிட்டுக் காட்டினார். தமிழில் சார்புத் தொடர்கள் முதன்மை வினைக்கு இடப்புறமாக அடுக்கப்பட்டுச் செல்லும். ஆங்கிலத்தில் அவை பெரிதும் வலப்புறமாக வளரும். ஜாக் கட்டிய வீட்டைப் பற்றிய ஆங்கிலக் குழந்தைப் பாட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வலப்புறத்தில் தொடர்களைச் சேர்த்துக்கொண்டே போவது. அதனைத் தமிழாக்கினால் ஜாக்கும் வீடும் முதலில் வந்து, பாட்டின் ஒழுங்கு முழுதும் திரும்பிவிடும்.

இடப்புற வளர்ச்சி நினைவாற்றலுக்குச் சுமையாகும் என்னும் கருதுகோளை விக்டர் யிங்வே 1960இல் முன்வைத்தார். தமிழ், ஜப்பானியம் போன்ற மொழிகளைப் பேசுவோர் அத்தகைய சுமையை உணராமலே நீண்ட தொடர்களை ஆள்வது அக்கருதுகோளுக்கு வலுவான மறுப்பாக அமைந்தது. ஆதலால் எந்த ஒழுங்கும் இயல்பிலேயே கடினமானதன்று. பழகாத ஒழுங்கே கடினமாகத் தோன்றுகிறது. ஆயினும் ஓர் எல்லை இரு மொழியினருக்கும் பொது. தொடருக்கு நடுவே தொடர், அதன் நடுவே இன்னொரு தொடர் எனச் செருகப்படும்போது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரும் மூன்றாவது படியில் தடுமாறுவர். சட்ட ஆவணங்கள் அனைவர்க்கும் கடினமாக இருப்பதற்கு இத்தகைய செருகல்களும் ஒரு காரணம்.

7. படிக்கும் முறை

மேற்கூறியவற்றை வகுப்பில் பயன்படுத்தும் முறை எளியது. முதலில் வாக்கியத்திலுள்ள வினைமுற்றுகளை எண்ண வேண்டும். துணைவினை இருப்பின் முதல் துணைவினையே முற்றின் அடையாளம். அடுத்து, இணைப்புச் சொற்களை எண்ண வேண்டும். தொக்கு நிற்பனவும், துணைவினை முன்னேறிய நிபந்தனை வடிவங்களும், தொடர்களைச் சமநிலையில் இணைக்கும் 'அண்ட்' போன்றனவும் இக்கணக்கில் அடங்கும். முற்றுகளின் எண்ணிக்கை, இணைப்புகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். கட்டுச்சொல்லால் கட்டப்படாமல் எஞ்சும் முற்றே முதன்மை வினை. கணக்குப் பொருந்தாவிட்டால், தொக்கு நிற்கும் ஒன்றை நாம் காணத் தவறியிருக்கிறோம் என்பது பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு: 'தி ஆஃபீசர் ஹூ சைன்ட் தி லெட்டர் யூ ரிசீவ்ட் லாஸ்ட் வீக் செஸ் தட், ஷுட் யூ விஷ் டு அப்பீல், யூ மஸ்ட் டூ ஸோ பிஃபோர் தி ஆஃபீஸ் குளோசஸ் ஆன் ஃப்ரைடே.'

இதில் 'சைன்ட்', 'ரிசீவ்ட்', 'செஸ்', 'ஷுட்', 'மஸ்ட்', 'குளோசஸ்' என முற்றுகள் ஆறு. 'டு அப்பீல்' என்பது எச்சம், கணக்கில் வாராது. கட்டுகள் ஐந்து. 'ஹூ' என்பது 'சைன்ட்' என்னும் முற்றைக் கட்டுகிறது. 'லெட்டர்', 'யூ' ஆகிய இரண்டும் அடுத்தடுத்து நிற்குமிடத்தில் தொக்கிருப்பது 'ரிசீவ்ட்' என்பதைக் கட்டுகிறது. 'தட்' என்பது 'மஸ்ட்' என்பதையும், 'பிஃபோர்' என்பது 'குளோசஸ்' என்பதையும் கட்டுகின்றன. 'ஷுட்' எழுவாய்க்கு முன் நிற்பதால் அதுவே நிபந்தனைக் கட்டு. கட்டப்படாமல் எஞ்சுவது 'செஸ்' ஒன்றே. ஆகவே வாக்கியத்தின் முதுகெலும்பு 'அலுவலர் கூறுகிறார்' என்பது.

இனித் தமிழாக்கம்: 'நீங்கள் மேல்முறையீடு செய்ய விரும்பினால், வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடப்படுமுன் அதனைச் செய்துவிட வேண்டும் என்று, சென்ற வாரம் உங்களுக்குக் கிடைத்த கடிதத்தில் கையொப்பமிட்ட அலுவலர் கூறுகிறார்.' ஐந்து கட்டுகளும் முறையே 'கையொப்பமிட்ட', 'கிடைத்த', 'என்று', 'மூடப்படுமுன்', 'விரும்பினால்' எனத் தமிழ் அடையாளங்களாக மாறியுள்ளன. 'வேண்டும்' என்னும் முற்றை 'என்று' தழுவிக்கொண்டது. ஆங்கிலத்தின் ஆறு முற்றுகளுள் தமிழில் வாக்கியத்தை முடிப்பது 'கூறுகிறார்' ஒன்றே.

இம்முறையால் எல்லா வாக்கியங்களும் தெளிவாகிவிடும் என்று கூறுவதற்கில்லை. இறந்தகால முற்றும் எச்சவடிவமும் ஆங்கிலத்தில் பல வினைகளில் ஒன்றுபோலவே இருப்பதால், 'தி லெட்டர் சென்ட் டு யூ' என்பதில் 'சென்ட்' முற்றா எச்சமா என்னும் ஐயம் எழும். பின்னே வேறொரு முற்று, கட்டுச்சொல் இன்றி வருமாயின் 'சென்ட்' எச்சம் எனக் கொள்ள வேண்டும். இவ்வையத்தைத் தீர்ப்பதற்கும் முற்று, எச்சம் என்னும் பாகுபாடே துணைநிற்கிறது.

முடிவுரை

ஆங்கில இலக்கணத்தை ஆங்கில இலக்கணச் சொற்களாலேயே கற்பிக்க வேண்டும் என்பதும், தாய்மொழி அறிவு புதிய மொழிக்கு இடையூறு என்பதும் நெடுநாள் நிலவிவரும் கருத்துகள். இக்கட்டுரையில் கண்ட பிழைகள் பலவற்றிற்குத் தமிழின் இயல்பே மூலம் என்பது உண்மை. அவற்றை விளக்கி நீக்குவதற்கும் தமிழிலக்கணமே கருவியாகிறது என்பதும் அதே அளவு உண்மை. பெயரெச்சத்தின் ஆறு பொருளை அறிந்தவர் 'இன் விச்', 'வித் விச்' ஆகியவற்றின் தேவையை ஒரே அமர்வில் உணர்கிறார். எதிர்மறை எச்சத்தை அறிந்தவர் 'அன்லெஸ்' என்பதன் பணியை உணர்கிறார்.

புலம்பெயர் நாடுகளில் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் வளர்ந்த நம் பேரப்பிள்ளைகள் தமிழ் படிக்கும்போது, கட்டுச்சொல்லைத் தலையில் தேடிக் காணாமல் தவிக்கின்றனர். அவர்களுக்கு இதே பாதையை எதிர்த்திசையில் காட்ட வேண்டும். இருமொழி வாக்கிய அமைப்பை முற்று, எச்ச அடிப்படையில் விளக்கும் சிறு கையேடுகளைத் தமிழ்ப் பள்ளிகளும் முதியோர் வகுப்புகளும் உருவாக்குவது பயனுடையது. இங்குக் கூடியுள்ள பேராளர்கள் தத்தம் நாட்டு மொழிகளுக்கும் இதனைச் செய்து பார்க்கலாம். நோர்வேஜிய மொழியும் பிரெஞ்சு மொழியும் முற்றுடன் கூடிய சார்புத் தொடர்களைக் கட்டுச்சொற்களாலேயே தொடங்குகின்றன.

அந்த அம்மையாருக்குச் சேர்க்கப்பட்ட தொகை திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு கடிதம் வந்தபோது, அதனை வகுப்பிற்குக் கொண்டுவருமுன் தாமே படித்து, மறுப்பையும் எழுதி அனுப்பியிருந்தார். கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் 'எதிர்மறை எச்சம்' என்று குறித்திருந்தார்.